முதலாம் தெசலோனிக்கேயர் நிருபம் எதற்காக எழுதப்பட்டது?

அடுத்ததாக ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "முதலாம் தெசலோனிக்கேயர் நிருபத்தை, கடைசிக் காலச் சம்பவங்கள் எந்த வரிசையில் நடக்கும் என்று அறிவதற்காகவே எங்கள் சபையில் வாசிக்கிறோம். பவுல் அதற்காகத்தான் எழுதினாரா?"

இல்லை, சகோதரி. தெசலோனிக்கே பட்டணத்தில் உபத்திரவத்தில் இருந்த ஒரு இளம் சபையைத் திடப்படுத்தவும், மரித்தவர்களை எண்ணிக் கலங்கியவர்களைத் தேற்றவுமே அவர் இந்தக் கடிதத்தை எழுதினார்.

பின்னணி அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தெசலோனிக்கே, மக்கெதோனியா மாகாணத்தின் தலைநகரம். பெரிய துறைமுகப் பட்டணம். பிலிப்பியில் அடிபட்டுச் சிறையிருந்த பவுலும் சீலாவும் அங்கே வந்து, ஜெப ஆலயத்தில் மூன்று ஓய்வுநாட்கள் வேதவாக்கியங்களை எடுத்துப் பேசினார்கள். பிலிப்பியர் அங்கே பவுலுக்கு ஒரு முறைக்கு மேல் உதவி அனுப்பியதைப் பார்த்தால், மூன்று வாரங்களுக்கு மேலாகவே அவர் தங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிறகு கலகம் மூண்டது. யாசோனின் வீட்டை ஜனக்கூட்டம் வளைத்துக்கொண்டு, இவர்கள் இராயனுக்கு (ரோமப் பேரரசருக்கு) விரோதமாக இயேசு என்னும் வேறொரு ராஜாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டியது. யாசோன் ஜாமீன் கொடுக்க வேண்டியதாயிற்று; பவுலையும் சீலாவையும் சகோதரர்கள் இரவோடிரவாகப் பெரோயாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போதித்து முடிப்பதற்குள் பிரிய நேர்ந்த அந்த வேதனையை வைத்துத்தான் இந்த நிருபத்தை வாசிக்க வேண்டும். திரும்பி வர முயன்றும் தடைபட்டதாகவும், அதற்குமேல் பொறுக்க முடியாமல் அத்தேனேயில் தனித்திருக்கத் துணிந்து தீமோத்தேயுவை அனுப்பியதாகவும் பவுலே சொல்கிறார். தீமோத்தேயு நல்ல செய்தியோடு திரும்பி வந்த பிறகு, கொரிந்துவிலிருந்து இந்த நிருபம் எழுதப்பட்டது. பவுல் கொரிந்துவில் இருந்தபோது அவரைக் கல்லியோன் என்ற அதிபதியின் முன் நிறுத்தினார்கள்; அந்தக் கல்லியோன், கொரிந்து இருந்த அகாயா மாகாணத்தின் அதிபதியாக இருந்த காலத்தை, தெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஏறக்குறைய கி.பி. 51 என்று காட்டுவதால், நிருபத்தின் காலத்தை 50 அல்லது 51 என்று கணிக்கிறார்கள். பவுலின் நிருபங்களில் இதுவே முந்தியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

பரிசுத்த வாழ்க்கை, சொந்தக் கைகளால் வேலை செய்தல் ஆகியவற்றையும் அவர் எழுதுகிறார். ஆனால் சபையின் பெரிய கலக்கம் வேறு. கர்த்தர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்தவர்களில் சிலர் அதற்குள் மரித்துவிட்டார்கள். எப்படி மரித்தார்கள் என்று நிருபம் சொல்லவில்லை. அவர்கள் அந்த மகிமையான நாளை இழந்துவிடுவார்களோ என்பதே எஞ்சியிருந்தவர்களின் துக்கம். அதற்குத்தான் பவுல், இயேசு மரித்து எழுந்தார் என்ற விசுவாசத்தை அஸ்திவாரமாக வைத்து, மரித்தவர்கள் பின்தங்குவதில்லை, அவர்களே முதலாவது எழுந்திருப்பார்கள் என்று பதில் சொல்கிறார். கர்த்தர் வரும்போது தொனிக்கும் எக்காள சத்தமும், விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படும் மேகங்களும் அந்தப் பதிலுக்குள் வருகின்றன. அந்தப் பகுதியை முடிக்கும்போது, இந்த வார்த்தைகளைக் கொண்டு கணக்குப் போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்கிறார். அடுத்த அதிகாரத்தைத் தொடங்கும்போதே, காலங்களையும் சமயங்களையும் குறித்து உங்களுக்கு எழுத வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுகிறார்.

ஆகவே உங்கள் சபையில் 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை மட்டும் தனியே எடுக்காமல், ஐந்து அதிகாரங்களையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள். இந்த நிருபம் சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்பட வேண்டும் என்று பவுலும் கர்த்தரின் பேரில் ஆணையிட்டே கேட்டுக்கொள்கிறார்.