தெரிந்த முகத்தின் அச்சம்

(வேலூரில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் வாசக நண்பர்களுக்கும் என் வணக்கம். பேய்க் கதையும் காமிக்ஸும் மேடையேற்றிப் பேசத் தக்கவைதாமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். தக்கவை என்பது என் உறுதியான எண்ணம். இத்தனை ஆண்டுகளில் நான் படித்தவற்றில் என் உடம்பையே உலுக்கிய கதைகள் பெரும்பாலும் இவ்விரு வகையைச் சேர்ந்தவை. அவை ஏன் உலுக்கின என்பதை மட்டுமே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அச்சத்தை நான் முதலில் அறிந்தது புத்தகத்தில் அன்று, நம் பாலாற்றங்கரையில். மாசி அமாவாசையன்று மயானக் கொள்ளைத் திருவிழா பார்க்க அப்பாவின் தோளில் உட்கார்ந்து போயிருந்தேன். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் காளி வேடம் கட்டியிருந்தார். டீக்கடை ஓரமாக நின்று, தகர நாக்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, முகப்பூச்சு கலையாமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்து, "இன்னாடா, பயமா கீதா?" என்று சிரித்தார். இல்லை என்று தலையாட்டினேன். சற்று நேரத்தில் பம்பை முழங்கியது. அண்ணன் நாக்கை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் அலறிவிட்டேன். தெரிந்தவர் என்பதால்தான் அப்படி அலறினேன் என்பது பின்னாளில் கதைகள் படித்தபோதே விளங்கியது. முன்பின் அறியாத ஒருவர் அந்த வேடத்தில் வந்திருந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை இங்குள்ள பலர் அறிவீர்கள். பிரிட்டனில் 1962இல் தொடங்கிய அந்தப் படக்கதையின் புகழ்பெற்ற ஓவியர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் கிடைத்த பிரதி ஒன்றை நானும் என் தங்கையும் தரையில் விரித்துப் படித்தோம். கை மட்டும் மிதக்கும் கட்டம் வந்தபோது, அவள் அதன் பக்கத்தில் இருந்த வெற்றுத் தாளை ஒற்றை விரலால் மெல்லத் தடவி, "இங்கதான் அவரு வயிறு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஓவியர் ஒரு கோடும் போடாத இடத்தில் அவள் ஓர் ஆளைத் தொட்டுவிட்டாள். இப்போது பளபளப்பான தாளில், முழு வண்ணத்தில் வரும் காமிக்ஸ்களையும் ஆசையோடு வாங்குகிறேன். ஆயினும், சாணித்தாளில் மை ஊறிப் பரவிய அந்தக் கறுப்பு நிழலுக்கு இருந்த ஆழம் இவற்றில் இல்லை என்றே சொல்வேன்.

பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட டிராகுலா நாவலைக் கத்திரி வெயில் காலத்தில் படித்தேன். நாட்குறிப்புகளும் கடிதங்களுமாகவே நகரும் அந்த நாவலில், கோட்டையும் ஓநாயும் என்னை ஒன்றும் செய்யவில்லை. இரத்தம் குடிப்பவனைத் தடுக்க லூசி என்ற பெண்ணின் அறையெங்கும் பூண்டுப் பூக்களை வைக்கிறார்கள். நமக்குப் பூண்டு என்றால் ரசமும் காரக்குழம்பும்தான் நினைவுக்கு வரும். அதில் அஞ்ச என்ன இருக்கிறது என்று எண்ணியபடியே பக்கத்தைத் திருப்பினேன். இதய நோயாளி என்பதால் லூசியின் தாயிடம் எவரும் உண்மையைச் சொல்லவில்லை. இரவில் மகளைப் பார்க்க வரும் அந்தத் தாய், அறை புழுக்கமாக இருக்கிறதே, இந்த வாடையில் பிள்ளை எப்படித் தூங்குவாள் என்று பூக்களை அப்புறப்படுத்தி, ஜன்னலையும் சிறிது திறந்துவைக்கிறாள். மறுநாள் அதை மருத்துவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்கிறாள். பெற்றவளின் பரிவே பிள்ளைக்கு எமனாகிறது. வேலூர் வெயிலில் எந்தத் தாய்தான் பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்துவிடாமல் இருப்பாள்? என் அம்மாவும் அன்றிரவு திறந்துவைத்துவிட்டுத்தான் படுத்திருந்தார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, விடியும்வரை வியர்வையில் கிடந்தேன்.

வெட்டும் குத்தும் பக்கத்துக்குப் பக்கம் வரும் கதைகளை இரண்டாம் முறை என்னால் படிக்க முடிந்ததில்லை. அவை அருவருப்போடு நின்றுவிடுகின்றன.

புதுமைப்பித்தனின் காஞ்சனை அப்படிப்பட்டதன்று. பிச்சை கேட்டு வந்த பெண்ணை ஓர் எழுத்தாளரின் மனைவி இரக்கப்பட்டு வீட்டோடு வைத்துக்கொள்கிறாள். நள்ளிரவில் வீட்டுக்குள் ஒரு வாடை வீசுகிறது. நடந்தது என்ன என்பதை ஆசிரியர் கடைசிவரை அறுதியிட்டுச் சொல்வதே இல்லை. அதில் கோட்டை இல்லை, கல்லறை இல்லை. நம் வீட்டுத் திண்ணையும் வாசற்படியும் போன்ற இடங்களிலேயே கதை நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு நாள் இரவு அந்தக் கதையை என் மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வாடை வரும் பகுதியில் அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். கேஸ் அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முன்னைவிட நெருங்கி உட்கார்ந்துகொண்டு, "ம், மேல படிங்க" என்றார்.