திருகோணமலை வெயிலில் ஒரு டர்போ கார்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

[காட்சி: உப்புவெளி, காலை ஆறரை மணி. வீட்டு முற்றத்தில் வெள்ளை சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார். கமரா முன் சக்கரத்துக்கு அருகே இறங்குகிறது.]

இந்தப் பிரேக் தட்டைப் பாருங்கள். நேற்று மாலை பளபளவென்று இருந்தது. ஓர் இரவு கடற்காற்று பட்டதும் செம்மண் பூசியதுபோலத் துருப் பிடித்துவிட்டது. தெருவில் இறக்கி இரண்டு முறை பிரேக்கை மிதித்தால் தேய்ந்து போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கார் எங்கே குடியிருக்கிறது என்பதை மறக்காமல் இருக்க, தினமும் காலையில் நான் இதைப் பார்ப்பதுண்டு. இங்கே உப்பும் வெயிலும் வஞ்சகமில்லாமல் கிடைக்கின்றன. குளிர்நாட்டில் ஒருவர் தன் காருக்குச் செய்த வேலையை வீடியோவில் பார்த்துவிட்டு அப்படியே இங்கே செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

போன வாரம் உவர்மலையிலிருந்து ஒரு தம்பி வந்தார். இதே மாடல், 2018ஆம் ஆண்டுக் கார். கைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: திறந்த ஏர் ஃபில்டர், புஷ் என்று சத்தமிடும் வால்வு, மூன்று அங்குலச் சைலன்சர், காரைத் தாழ்த்தும் சுருள்கள், கணினி டியூனிங். "அண்ணா, இதில் எதை முதலில் செய்வது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அவருடைய டயரின் பக்கத்தில் குந்தினேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அவருடையதில் 3116 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். காரைவிட டயருக்கு வயது கூட! வெளிநாட்டில் கழற்றிய பாவித்த டயரை மலிவாக வாங்கிப் பூட்டியிருக்கிறார். பட்டியலில் டயர் என்ற சொல்லே இல்லை.

[காட்சி: டயரின் இலக்கங்கள் அருகிலிருந்து. பிறகு எஞ்சின்.]

முதலில் கையில் இருப்பது என்னவென்று பார்ப்போம். இந்தக் கார் ஜப்பானில் 2017இல் வந்தது. 1.4 லீற்றர் டர்போ எஞ்சின் (டர்போ என்பது காற்றை நசுக்கி எஞ்சினுக்கு ஊட்டும் விசிறி), 140 குதிரைவலு, எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதற்கு முந்திய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் டர்போ இல்லாத 1.6 லீற்றர் எஞ்சின். அதன் வலு 136. நான்கு குதிரைதான் கூடியிருக்கிறது என்று தோன்றும். வித்தியாசம் முறுக்குவிசையில், அதாவது எஞ்சின் திருப்பும் பலத்தில் இருக்கிறது. பழையதில் 160 நியூட்டன் மீற்றர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4400 சுற்றுச் சுற்றும்போதுதான் உச்சம். புதியதில் 230, அது 2500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. கந்தளாய் வீதியில் ஒரு லொறியை முந்தும்போது கியர் மாற்றத் தேவையில்லாமல் போவது இதனால்தான். கோல்ஃப் ஜிடிஐ போன்ற பெரிய வண்டிகளுக்கும் கணக்கு இதே கணக்குத்தான், எண்கள் மட்டும் பெரியவை.

டர்போ காரில் வலுவைக் கூட்டுவது சுலபம். எஞ்சினை ஆளும் கணினியில் சில எண்களை மாற்றினால் போதும். அந்தச் சுலபம்தான் எனக்குக் கவலை. ஏனென்றால், திருகோணமலையின் ஒரு மத்தியானத்தில் தொழிற்சாலை கொடுத்த 140ஐயே இந்தக் கார் முழுதாகத் தருவதில்லை என்பது என் கணிப்பு. காரணம் சூடு.

[காட்சி: வெள்ளைப் பலகையில் கணக்கு.]

வெளியே 34 பாகை செல்சியஸ். டர்போ அந்தக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நசுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் சுடுமல்லவா, அதே சங்கதி. இழப்பே இல்லாத கற்பனை டர்போவில்கூட அந்தக் காற்று 100 பாகையைத் தொட்டுவிடும். 70 வீதத் திறனோடு வேலை செய்யும் நிஜமான டர்போவில் 130க்குக் கிட்ட. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எதுவும் இந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. இந்தக் காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் ஆற்றுவதுதான் இன்டர்கூலரின் வேலை. ஆற்றுவதும் வெளிக்காற்றைக் கொண்டுதான். வெளிக்காற்றே 34 என்றால் அதற்குக் கீழே அது இறங்கப் போவதில்லை.

உள்ளே போகும் காற்று 10 பாகை கூடினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 வீதம் குறையும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை நாக்கிங். தீப்பொறி மூட்டிய நெருப்பு முழுவதும் பரவுமுன், எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடித்துவிடுகிறது. பிஸ்டனின் தலையில் சுத்தியலால் தட்டுவதுபோல. எஞ்சினில் அதைக் கேட்கும் சென்சர் ஒன்று இருக்கிறது. அது கேட்டதும் கணினி தீப்பொறியைத் தாமதிக்கும், வலு குறையும். நமக்கோ "இன்றைக்கு வண்டி கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது" என்று மட்டும் தோன்றும்.

இதில் பெற்றோலும் சேர்ந்துகொள்கிறது. ஜப்பானில் இந்தக் காருக்குச் சொல்லப்பட்டிருப்பது பிரீமியம் பெற்றோல். அந்த நாட்டுத் தரத்தின்படி அது குறைந்தது 96 ஒக்டேன். ஒக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் அளவு. நம் எரிபொருள் நிலையத்தில் 92 உண்டு, 95 உண்டு. விலையைப் பார்த்து 92 ஊற்றிவிட்டு, வலு போதவில்லை என்று டியூனிங்குக்குப் பணம் சேர்ப்பவர்களை எனக்குத் தெரியும். 95 ஊற்றுங்கள். என் கணக்கில் அதுதான் முதல் மாற்றம். ஸ்பானர்கூடத் தேவையில்லை.

இரண்டாவது செலவில்லாதது. முன் பம்பரைக் கழற்றி இன்டர்கூலரைப் பாருங்கள். என்னுடையதில் நான் கண்டது: நிலாவெளி மணல், நசுங்கிய தும்பிகள், ஒரு பொலித்தீன் துண்டு. தகடுகளின் இடைவெளியில் பாதி அடைத்துக் கிடந்தது. தோட்டக் குழாயில் மெதுவாக வரும் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட்டால் போதும். சேர்விஸ் நிலையத்துப் பிரஷர் வோஷரைக் கிட்டவும் விடாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். பெரிய இன்டர்கூலர் வாங்குவது நல்ல யோசனைதான். பட்டியலில் அது இல்லாததே எனக்கு ஆச்சரியம். ஆனால் அளவாகப் பெரிதாக இருக்க வேண்டும். அளவு மீறினால் பின்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று போகாது. மே மாதத்தில் ஏசி இல்லாமல் ஹபரணைவரை ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி ஒயில். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சும் சிறிய டர்போ எஞ்சின்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. குறைந்த சுற்றில் நிறையச் சுமை கொடுத்தால், தீப்பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்டன் உடைந்த எஞ்சின்களும் உண்டு. ஒயில் துளிகளுக்கும், ஒயிலில் சேர்க்கும் கல்சியம் உப்புகளுக்கும் இதில் பங்கிருப்பது தெரிந்த பிறகுதான் ஒயில் தரத்தையே மாற்றினார்கள். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) என்ற ஒயில் தரத்தில் இந்த வியாதிக்கான சோதனையும் உண்டு. போத்தலின் பின்புறத்தில் வட்டமாக அச்சிட்டிருக்கும், தேடிப் பாருங்கள். பாகுத்தன்மை எண்ணைக் காரின் கைநூல் சொல்வதுபோலவே வையுங்கள். ஐந்தாம் கியரில் 1500 சுற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்காதீர்கள். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள்.

[காட்சி: ரயில் கடவை, மூடிய தடுப்பு. கார் நிற்கிறது.]

திறந்த ஃபில்டர் கதைக்கு வருகிறேன். இது என் சொந்த மடத்தனம். வாங்கிப் பூட்டிய முதல் வாரம் டர்போ மூச்சிழுக்கும் சத்தம் கேட்டு ஊரெல்லாம் சுற்றினேன். பிறகு ஒரு நாள் ரயில் கடவையில் பத்து நிமிடம் நின்றபோது, காரின் கணினியோடு பேசும் சின்னக் கருவியைக் கைபேசியில் திறந்தேன். வெளியே 34. எஞ்சின் இழுக்கும் காற்று 60ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பழைய பிளாஸ்டிக் பெட்டி வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்தது. நான் பணம் கொடுத்து அதைக் கழற்றி, எஞ்சின் அறையின் புழுக்கத்தை ஊட்டியிருக்கிறேன். அன்று மாலையே பெட்டி திரும்பிப் பூட்டப்பட்டது. ஃபில்டர் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது, யாருக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

புஷ் வால்வு: சத்தம் வரும். வேறொன்றும் வராது.

பிரேக்குக்கு நேரம் எடுக்கிறேன். உள்ளே இரண்டு பேரோடு கார் 1100 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 70 கிலோமீற்றரில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 208 கிலோஜூல். 100இல் 424. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பிரேக் விழுங்க வேண்டிய சூடு இரு மடங்கு. ஊருக்கு வெளியே நமக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேகம் 70தான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஹபரணை வீதியில் இரவு யானை நிற்கும். அது விளக்குப் போட்டுக்கொண்டு நிற்பதில்லை.

பெரிய பிரேக் தொகுதி வேண்டாம். பிரேக் ஒயிலை மாற்றுங்கள். புதிய டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை தாண்டித்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்த பிறகு அந்த எல்லை 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். கடலோர ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். டொட் 5.1 ஊற்றலாம். டொட் 5 என்பது வேறு. அது சிலிக்கோன், இதோடு கலக்கக் கூடாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதோடு தட்டைக் கவ்வும் நல்ல பிரேக் பேட் ஒரு தொகுதி. வீதிக்கு உரியதாக இருக்கட்டும்; பந்தயத் தடத்துக்கு உரியது சூடேறும்வரை பிடிக்காது.

டயர் இந்தக் காருக்கு 195/45 ஆர்17. அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதன் 45 வீதம், அதாவது 88 மில்லிமீற்றர். 18 அங்குல ரிம்மும் 40 வீத டயரும் போட்டால் பக்கச்சுவர் 78 ஆகிவிடும். பார்வைக்கு அழகு. குழியில் விழுந்தால் அந்த ஒரு சென்ரிமீற்றர்தான் ரிம்மைக் காப்பாற்றும். ஆகவே அதே அளவில் நல்ல புதிய டயர் நான்கு. பாவித்தது வேண்டாம், நம் வெயிலில் ரப்பர் கட்டையாகிவிடும். தாழ்த்தும் சுருள்களைப் பற்றி: ஒழுங்கைக்குள் இருக்கும் வேகத்தடையில் உங்கள் கார் இப்போதே எப்படி ஏறுகிறது என்று வெளியே நின்று பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

[காட்சி: பிரெட்ரிக் கோட்டை வாசல். நிழலில் மான்கள்.]

சைலன்சர். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இந்த மான்கள் படுத்திருக்கும். பட்டாசுபோல வெடிக்கும் ஒரு காரைக் கேட்டு அவை சிதறி ஓடியதை ஒருமுறை பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு இந்த விடயத்தில் நடுநிலை கிடையாது. புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிட்டிக் கன்வேட்டரைக் கழற்றினால் கார்பன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் ஏறும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன்னால் புகைப் பரிசோதனையில் அளப்பவை அவைதான். கன்வேட்டரை விட்டுவிட்டு, அதன் பின்னால் சற்றுத் தாராளமான, சத்தம் அடக்கிய குழாய் போடுவதானால் போடுங்கள்.

கடைசியாக டியூனிங். நான் அதற்கு எதிரியல்லன். ஆனால் இரண்டு வகை உண்டு. ஒன்று, வயரில் செருகும் பெட்டி. டர்போவின் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவு என்று கணினியிடம் பொய் சொல்லும். கணினி நம்பி இன்னும் அழுத்தம் கொடுக்கும். பொய் சொல்லும் பெட்டியை என் எஞ்சினுக்குள் நான் விடமாட்டேன். மற்றது, கணினியின் நிரலையே திருத்துவது. செய்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஒக்டேனுக்கு எழுதியது? 98க்கு எழுதியதென்றால் இங்கே வேண்டாம். மத்தியான வெயிலில் மூன்றாம் கியரில் ஓட்டிப் பதிவெடுத்துக் காட்டுவாரா? அந்தப் பதிவில் காற்றின் சூடும், தீப்பொறித் தாமதமும், காற்று பெற்றோல் விகிதமும் இருக்குமா? மழுப்பினால் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். செய்தால், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காருக்கு என்ன விலை ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர் முதலில் கேட்பது "கம்பனிச் சாமான் எல்லாம் இருக்கிறதா?" என்றுதான். கழற்றிய எதையும் இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

உவர்மலைத் தம்பி அன்று போகும்போது பட்டியலில் மூன்றை அடித்துவிட்டார். மேலே டயர், பிரேக் ஒயில், இன்டர்கூலர் கழுவுதல் என்று எழுதிக்கொண்டார். டியூனிங்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சைலன்சரை மட்டும் அடிக்கவில்லை. அந்த வயதில் நானும் அடித்திருக்கமாட்டேன். நேற்று அனுப்பிய படத்தில் டயர்கள் புதியவை. இன்டர்கூலரின் தகடுகளுக்கு நடுவே, சிறகு கலையாமல், ஒரு முழுத் தும்பி.