மிட்டாயை உடனே தின்ற குழந்தை தப்பு செய்யவில்லை!

[திரையில்: வெறும் மேசை. ஒரு தட்டு. தட்டில் ஒரே ஒரு மார்ஷ்மெல்லோ.]

நான்கு வயதுக் குழந்தை. முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ, அதாவது பஞ்சு மாதிரி மெத்தென்று ஒரு மிட்டாய். "இப்போதே சாப்பிடலாம். நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார் ஒரு பெரியவர்.

"அட, இது தெரிந்த கதைதானே" என்று வீடியோவை மூடப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நமக்கெல்லாம் சொல்லப்பட்டது பாதிக் கதை. மீதிப் பாதி தெரிந்தால், வகுப்பறையில் "இவன் பொறுப்பில்லாதவன், அவள் பொறுமைசாலி" என்று முத்திரை குத்துவதற்கு முன் ஒரு முறை யோசிப்பீர்கள்.

அப்புறம், தேர்வு பயம் பற்றிய வீடியோவின் இரண்டாம் பகுதி எங்கே என்று தினமும் கேட்பவர்களுக்கு: வருகிறது, வருகிறது.

சரி, பின்னணியை மடமடவென்று முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர், 1960-களின் கடைசியிலிருந்து அங்கிருந்த மழலையர் பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்தார். அவருடைய மகள்களும் அங்கேதான் படித்தார்கள். பின்னாளில் "உன்னோடு படித்தவர்கள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள்?" என்று மகள்களிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அன்று காத்திருந்த பிள்ளைகள்தான் இன்று நன்றாகப் படிக்கிறார்களோ? தேடிப் பார்த்தார். ஆமாம் போலத்தான் தெரிந்தது. அவ்வளவுதான், உலகம் பிடித்துக்கொண்டது. நான்கு வயதில் மிட்டாயைத் தின்றால் வாழ்க்கையே போச்சு என்கிற அளவுக்கு.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். சோதனைகளில் கலந்துகொண்ட குழந்தைகள் 653 பேர். 1990-இல் வந்த கட்டுரையில், அவர்களில் 94 பேருடைய கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் கையில் இருந்தது. ஊரெல்லாம் பேசிய அந்தத் தொடர்பு தெரிந்தது, அதிலும் 35 பேர் மட்டுமே கொண்ட ஒரு பிரிவில். 2018-இல் வேறு ஆய்வாளர்கள் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்ப வசதி, வீட்டுச் சூழல் போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் பெரும்பகுதி கரைந்தது.

இதெல்லாம் முன்னுரைதான். இந்த வீடியோவையே நான் எடுத்தது அடுத்து வரும் சோதனைக்காக.

[திரையில்: மூடி இறுகிய ஒரு டப்பா. உள்ளே தேய்ந்துபோன கிரேயான்கள்.]

செலஸ்ட் கிட் என்று ஓர் ஆய்வாளர். வீடில்லாத குடும்பங்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் வேலை செய்தவர். அங்கே ஒரு குழந்தையின் கையில் இருக்கும் பொருள் எந்த நிமிடமும் பறிபோகலாம். அந்தக் குழந்தைகளிடம் மிட்டாயை வைத்துவிட்டுப் போனால் என்ன செய்வார்கள் என்று அவர் யோசித்தார். உடனே தின்றுவிடுவார்கள். அதற்குப் பெயர் கட்டுப்பாடு இல்லாமையா, இல்லை உலக அனுபவமா?

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய குழுவும் இதைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். 3 முதல் 5 வயது வரையிலான 28 குழந்தைகள். முதலில் மிட்டாய் கிடையாது, படம் வரையும் வேலை. ஏற்கெனவே தேய்ந்த கிரேயான்கள், திறக்க வராத டப்பாவில். "இதை வைத்தே வரையலாம். இல்லை, கொஞ்சம் காத்திருந்தால் உள்ளே போய்ப் புதுசாக நிறையக் கொண்டுவருகிறேன்."

எல்லாக் குழந்தைகளிடமும் இதே பேச்சு. இரண்டரை நிமிடம் கழித்து ஆள் திரும்பி வருகிறார். பாதிப் பேருக்குக் கையில் தட்டு நிறைய வண்ணப் பொருட்கள். மீதிப் பேருக்கு வெறுங்கை. "மன்னித்துக்கொள், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். வேறு எதுவும் இல்லை. இதையே வைத்து வரையேன்" என்று டப்பாவைத் திறந்து கொடுக்கிறார்.

அடுத்து ஸ்டிக்கர். சின்னதாக ஒன்று இருக்கிறது, காத்திருந்தால் பெரிசாக, அழகாகப் பல வரும். மறுபடியும் அதே கதை. ஒரு குழுவுக்குச் சொன்னது வந்தது. இன்னொரு குழுவுக்கு மறுபடியும் "மன்னித்துக்கொள்".

மூன்றாவதாகத்தான் மார்ஷ்மெல்லோ வருகிறது. அதே ஆள், அதே சிரிப்பு. "காத்திருந்தால் இரண்டு." அதிகபட்சம் 15 நிமிடம்.

இங்கே நிறுத்தி, என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கமெண்டில் போடுங்கள். பார்த்துவிட்டுப் போடக் கூடாது, நேர்மை முக்கியம். நேர்மைக்குத் தனியாக வருகிறேன்.

சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் எத்தனை பேர்? ஒரே ஒருவர். சராசரி பார்த்தால் முதல் குழு சுமார் 12 நிமிடம், இரண்டாம் குழு சுமார் 3 நிமிடம்.

"35 பேர்தானே என்று கிண்டலடித்துவிட்டு இப்போது 28 பேரைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 35 பேரை வைத்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தையே ஜோசியம் சொன்னார்கள். இங்கே கேட்டது ஒரே கேள்வி: பெரியவர் சொல் தவறினால் குழந்தையின் பொறுமை குறைகிறதா? அதற்கு 12-க்கு 3 என்ற இடைவெளி சின்ன விஷயமில்லை. இரண்டே இரண்டு தடவை ஏமாற்றியதற்கு இவ்வளவு!

எனக்கு இது படித்தவுடன் ஞாபகம் வந்தது பி.டி. பீரியட்தான். ஆறாம் வகுப்பு. மணி அடித்ததும் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்போம். கணக்கு ஆசிரியர் வாசலில் நிற்பார், கையில் சாக்பீஸோடு. "பாடம் முடியவில்லை. இந்த ஒரு பீரியடை மட்டும் கடனாகக் கொடுங்கள், அடுத்த வாரம் திருப்பித் தருகிறேன்." முதல் வாரம் நம்பினோம். இரண்டாம் வாரமும் நம்பினோம். மூன்றாவது வாரம் மணி அடித்து, அவர் வாசலுக்கு வருவதற்குள் பாதி வகுப்பு மைதானத்தில் இருந்தது. ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று எல்லோரையும் முட்டிபோட வைத்தார்கள். அந்தக் கடன் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வட்டியோடு கேட்டால் ஓர் உலகக் கோப்பைத் தொடரே ஆடி முடிக்கலாம்.

பொறுமை இல்லாத பையன்களா நாங்கள்? கணக்கைச் சரியாகப் போட்ட பையன்கள். கணக்கு ஆசிரியர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அதனால் என் கட்சி இதுதான். நோட்டைத் திங்கட்கிழமை திருத்தித் தருகிறேன் என்றால் திங்கட்கிழமை தர வேண்டும். பேசாமல் எழுதி முடித்தால் கடைசி 10 நிமிடம் கதை என்றால், கதை வர வேண்டும். முடியாது என்றால் வாக்குக் கொடுக்கவே வேண்டாம். சுவரில் "பொறுமை கடலினும் பெரிது" என்று எழுதி ஒட்டுவதைவிட இது கடினமான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

மிஷெல் பாவம், அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அவருடைய சோதனையில் ஊர் கண்டுகொள்ளாத ஒரு தங்கத் துண்டு இருக்கிறது. மிட்டாய் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம் போலத்தான் தாங்கினார்கள். கண்ணில் படாமல் எடுத்து வைத்தபோது 11 நிமிடம்! "அதை ஒரு மேகம் என்று நினைத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுத்தாலும் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். அப்படியானால் கட்டுப்பாடு என்பதில் பாதி, பொருளைத் தள்ளி வைக்கும் சாமர்த்தியம். படிக்கும்போது போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மன உறுதியோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. அடுத்த அறையில் வையுங்கள், முடிந்தது.

[திரையில்: ஒரு தாளில் சின்னச் சின்ன வட்டங்கள். கண்ணை மூடிய ஒரு கை, பென்சிலோடு.]

இப்போது நேர்மை. 1920-களில் ஹார்ட்ஸ்ஹார்ன், மே என்ற இருவர் 8 முதல் 16 வயது வரை 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். வட்டங்கள் போட்ட தாளைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் குறி போடச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகப் போடவே முடியாது. ஆகவே பிரமாதமாகப் போட்டவர் எட்டிப் பார்த்தவர்! எனக்கு இந்தக் குறும்பு ரொம்பப் பிடிக்கும். முடிவு என்னவென்றால், ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. திருட்டுப் பிள்ளை, உத்தமப் பிள்ளை என்று வகுப்பை இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. இடமும் சந்தர்ப்பமும் பெரிதாக வேலை செய்தன.

படிக்கும் திறன் பற்றி ஒன்றே ஒன்று. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டால் படித்துப் படித்து வந்தவர்கள் முன்னால், 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் 42-க்கு 56, ஆள் மாறிவிட்டது. "திரும்பத் திரும்பப் படி" என்று சொல்கிற வாயை "மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்" என்று மாற்றினால் போதும்.

கடைசியாக ஒன்று, இது ஆசிரியர்களுக்கு. மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு ஒன்றை அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரி ஒரு விநாடி. அதற்குள் அடுத்த பிள்ளையைக் கைகாட்டிவிடுகிறார், அல்லது தானே பதில் சொல்லிவிடுகிறார். மக்கு என்று நினைத்த பிள்ளைக்கு அந்த ஒரு விநாடிகூட முழுசாகக் கிடைக்கவில்லை. அதை 3 விநாடியாக்கச் சொன்னார். பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள்.

3 விநாடி எவ்வளவு நீளம் தெரியுமா? உங்களிடம் ஒரு கேள்வி. வீடியோவைப் பின்னால் ஓட்டாமல் சொல்லுங்கள்: ஏமாற்றப்பட்ட 14 குழந்தைகளில் கடைசிவரை காத்திருந்தவர் எத்தனை பேர்?

[3 விநாடி மௌனம். தொகுப்பாளர் கேமராவைப் பார்த்தபடி இருக்கிறார். சிரிப்பை அடக்குகிறார்.]

தாங்க முடியவில்லை அல்லவா? எனக்கும்தான். பதிலைக் கமெண்டில் போடுங்கள்.

அப்புறம் அந்த இரண்டாம் பகுதி. "வருகிறது, வருகிறது" என்று நான் சொன்னதும் நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. இதுவரை இரண்டு முறை தேதி சொல்லி இரண்டு முறையும் கோட்டை விட்டிருக்கிறேன், சரியாக ராச்செஸ்டர் கணக்கு. அதனால் இன்று தேதி கிடையாது. எடிட்டிங் முடித்து, வீடியோவை ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு வந்து சொல்கிறேன்.