பழைய ஓட்டு வீட்டில் கைவைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஓட்டு வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. வெட்டுக்கல் சுவர், அயனி மர உத்திரம், மேலே மங்களூர் ஓடு. வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது, வளைகுடாவிலிருந்து பணம் வந்திருக்கிறது என்றால் வீட்டைப் புதுக்கிவிடலாம் என்று தோன்றும். கொத்தனாரைக் கூப்பிட்டதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு எவ்வளவு?"

புது வீட்டுக்கு அது சரியான கேள்வி. பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு மொத்த விலை கேட்டால், ஒன்று பயந்து கூட்டிச் சொல்வார். இல்லையென்றால் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, பாதியில் "இது நம்ம கணக்குல வராதே அண்ணே" என்பார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வியே அப்படி.

அதனால் விலை பேசும் முன் வீட்டைத் திறந்து பாருங்கள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் ஒரு நாள் கூலி கொடுத்தால் போதும். ஒரு மூலையில் நாலு ஓட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோலும் உத்திரமும் சுவரில் உட்காரும் இடம்தான் முக்கியம்; ஈரமும் கரையானும் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். வெளியே மரம் பளபளவென்று இருக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள், பொத்தென்று உள்ளே இறங்கினால் அந்த மரத்தை மாற்றத்தான் வேண்டும். அப்புறம் சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பாருங்கள். கல்லுக்கு நடுவே மண் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ இருந்தால், அதன்மேல் சிமென்ட் பூச வேண்டாம். சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், பூச்சு பாளம் பாளமாக விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பது இப்போது சிரமம்தான். ஆனாலும் தேடுங்கள்.

ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் வார்ப்புப் போடலாமே என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். 4 அங்குல வார்ப்பு சதுர அடிக்கு ஏறக்குறைய 23 கிலோ எடை. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 2,700 கிலோவுக்கு மேல். ஓட்டுக்கூரையைத் தாங்குவதற்காக மண் சாந்தில் கட்டிய சுவர் இது. வார்ப்புதான் வேண்டும் என்றால் தனி அஸ்திவாரத்தோடு தூண் எழுப்பவேண்டியிருக்கும். அதை மாமாவிடம் கேட்காமல் ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் மொத்தச் செலவில் பெரிதாகத் தெரியாது.

இவ்வளவும் பார்த்தபிறகு இனவாரியாக விலை பேசுங்கள். கழுக்கோல் மாற்ற நீளத்துக்கு இவ்வளவு, பூச்சுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு, வயரிங்குக்குப் பாயின்ட் ஒன்றுக்கு இவ்வளவு. எதிர்பாராத வேலை வந்தால் கொத்தனாருக்கு என்ன கூலி, கையாளுக்கு என்ன கூலி என்பதையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அப்படி ஒன்று கிளம்பினால், செய்வதற்கு முன் உங்களிடம் சொல்லி, ஒரு நோட்டில் குறித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். "அது பாத்துக்கிடலாம்" என்று யார் சொன்னாலும் நோட்டை எடுத்து வையுங்கள்.

இறக்கிய சாமான் யாருக்கு என்பதையும் பேசாமல் விடாதீர்கள். நல்ல அயனி உத்திரம், பழைய கதவு நிலை, உடையாத ஓடு எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் உண்டு. மரத்தைக் கொத்தனார் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதன் மதிப்பைக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள். இடித்த மண்ணை யார் அள்ளிக் கொண்டுபோவது என்பதும் அந்தத் தாளிலேயே வரட்டும்.

நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழை. கூரையைத் திறக்க ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் தோது. நம்மூர்க் கொத்தனார்கள் பலர் திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போய்விடுவதால், தை மாத வேலைக்கு ஐப்பசியிலேயே சொல்லிவைப்பது நல்லது. பணத்தைத் தேதி பார்த்துக் கொடுக்காமல் வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பங்கு, முதல் பெருமழை கழிந்து ஒழுக்கு பார்த்தபிறகு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கொத்தனார் முகம் சுளித்தால் அந்தப் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மழைக்கு முன்னால் மட்டும் கூரைக் கணக்கை முடிக்காதீர்கள்.

வணக்கம்.