சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு
நேயர்களுக்கு வணக்கம். மழை விட்ட பிறகும் வீட்டுக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். உடனே என்ன செய்கிறோம்? அண்ணாந்து பார்த்து, அதற்கு நேர் மேலே மொட்டை மாடியில் ஒரு கை சிமெண்ட்டை அப்பிவிட்டு வருகிறோம். அடுத்த மழையில் மறுபடியும் சொட்டுகிறது. கான்கிரீட் தளத்தில் சொட்டுகிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கூடத்து மின்விசிறியின் கொக்கியிலிருந்து சொட்டியது. நேர் மேலே கொத்திப் பூசினோம், நிற்கவில்லை. இன்னும் அகலமாகக் கொத்திப் பூசினோம், அப்போதும் நிற்கவில்லை. ஒரு நாள் மழையின்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தேன். மழை தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் முதல் சொட்டு விழுந்தது, மழை நின்ற பிறகோ மறுநாள் வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் தண்ணீர் எங்கேயோ தூரத்திலிருந்து நடந்து வருகிறது என்றுதானே அர்த்தம்?

வெயில் காய்ந்த ஒரு நாளில், முதலில் அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு (இதை மட்டும் மறக்கவே கூடாது), மாடியில் பகுதி பகுதியாக வாளித் தண்ணீரை ஊற்றினேன். தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் நன்றாகக் காத்திருந்துதான் அடுத்த இடம். நடுத்தளத்தில் ஒன்றுமில்லை. கடைசியில் கைப்பிடிச் சுவரின் அடியில் ஊற்றியபோது கீழே சொட்ட ஆரம்பித்தது! கொக்கியிலிருந்து பன்னிரண்டு அடி தூரம். வெயிலில் தளம் ஒரு அளவுக்கு விரிகிறது, சுவர் வேறு அளவுக்கு விரிகிறது, அதனால் இரண்டும் சேரும் மூலையில் முடி போல ஒரு விரிசல். அதில் இறங்கிய தண்ணீர் தளத்துக்குள் புதைத்த மின்கம்பிக் குழாயைப் பிடித்துக்கொண்டு விசிறி வரை வந்திருக்கிறது. ஆமாம், சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு.

அதனால் மாடிக்குப் போனால் முதலில் ஓரங்களைப் பாருங்கள். சுவர் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், ஓடு பதித்திருந்தால் அதன் இடுக்குகள், எங்காவது முளைத்திருக்கும் செடி. மழையே இல்லாத நாளிலும் ஓதம் காயவில்லையென்றால் மேலே இருக்கும் தொட்டியையோ குளியலறைக் குழாயையோ சந்தேகப்படுங்கள்.

சரி செய்வதும் மேலிருந்துதான். கீழே உட்கூரையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கறை கொஞ்ச நாள் மறையும், தண்ணீர் மட்டும் உள்ளேயே நிற்கும். விரிசலின் மேல் அப்படியே பூசாமல், வாயை ஆங்கில வி எழுத்துப் போல அகலப்படுத்தி, தூசியைச் சுத்தமாக எடுத்துவிட்டு, பாலிமர் (பசை போன்ற ஒரு பொருள்) கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். சுவர் மூலையைச் சாய்வாக உருட்டிப் பூசுங்கள், அங்கே தண்ணீர் தங்காது. அதற்கு மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, முதல் கை நீளவாக்கில் என்றால் அது காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்குவாக்கில். பழைய தளத்தின் மேலேயே கனமாகக் கலவை கொட்டச் சொல்வார்கள், யோசித்துச் செய்யுங்கள்: இரண்டு அங்குலக் கனம் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ பாரம் ஏறுகிறது, கட்டடம் அதைத் தாங்குமா என்று தெரிந்தவரிடம் கேட்ட பிறகுதான்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஈரத்தில் துருப்பிடிப்பதைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். உட்கூரையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டாலோ கம்பி வெளியே தெரிந்தாலோ அதன் கீழே யாரையும் படுக்க விடாதீர்கள், நீங்களாகப் பூசி மூடாமல் ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்துக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.