ஹெரால்டுக்காரர்களின் கேலிப் பேச்சு

தலைவர் அவர்களே, பழைய கார்களை இன்னும் விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, ஓட்டுவதை நிறுத்திவிட்டு அவற்றைப் பற்றிப் பேச மட்டும் வந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்னைக்கு அருகே பிறந்து, அங்கேயே நின்றும் போன ஸ்டாண்டர்ட் கார்களைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புத் தந்திருக்கிறீர்கள். நம்மைப் போன்றவர்கள் கூடும் இடங்களில் எழும் பேச்சைக் கவனித்தால், அதில் பாதி ஏக்கமாகவும் பாதி கேலியாகவும் இருக்கும். ஏக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் இன்று கேலியை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி மூடப்பட்டு, அதன் சர்வீஸ் நிலையங்களும் கலைந்து, கையேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்ட பிறகும், இந்தக் காரைப் பற்றிய தொழிலறிவு அழியாமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டிருப்பது பெரும்பாலும் நம்முடைய கேலிப் பேச்சின் வழியாகத்தான் என்பது என் கருத்து.

முதலில் சிறிது வரலாறு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948இல் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. ஜி.எஸ்.டி. என்னும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் வான்கார்டு கார்களை உதிரிகளாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னண்ட் ஆகியவை வந்தன. 1961இல் ஹெரால்டு வந்தது. பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு என்று விற்கப்பட்ட கார் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆயிற்று. அங்கே ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே 1963இல் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே, பிறந்த வீட்டில் மறைந்துபோன பெயர் அதன்பின் கால் நூற்றாண்டு காலம் நம் ஊரில்தான் சாலையில் ஓடியது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்தவை மூன்றே வாசல்கள்: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. மூன்றில் இன்ஜின் சிறியது ஹெரால்டுக்கு, 948 சி.சி.தான். ஆனால் மற்ற இரண்டிலும் கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தபோது இதில் மட்டும் தரையிலிருந்து எழுந்து நின்றது. முன்னே இரண்டு தனித்தனி இருக்கைகள் இருந்தன. ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த கூர்மையான கோடுகள் இருந்தன. குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கு அம்பாசடர், தனியாகக் கல்லூரிப் பக்கம் போவதற்கு ஹெரால்டு என்று அன்றைய இளைஞர்கள் பிரித்து வைத்திருந்ததற்கு இவை போதுமான காரணங்கள்.

இனி கேலிக்கு வருவோம். ஹெரால்டின் பானெட் என்பது வெறும் மூடி அன்று. இரண்டு பக்க மட்கார்டும் முகப்பு விளக்குகளும் சேர்ந்த முழு மூக்கே முன்பக்கமாகக் கவிழும். இன்ஜின், ரேடியேட்டர், சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கும் முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் சவுகரியமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இதைப் பார்த்த அம்பாசடர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? "டயர்மேல உக்காந்து வேலை பாக்கலாமாமே, அதான் எப்பவும் வேலை நடந்துகிட்டே இருக்கு" என்பார்கள். "உக்கார எங்களுக்கு இடமாவது இருக்கு, நீங்க தள்ளிக்கிட்டுல்ல வர்றீங்க" என்பது நம்மவர்களின் வழக்கமான பதில். இதில் தோற்றவர் யார் என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தக் காரின் சொந்தக்காரர்களில் இத்தனை பேர் தாங்களே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றால், அதற்கு அந்தப் பானெட்தான் காரணம். மூடியே கிடக்கும் எதையும் மனிதன் கற்றுக்கொள்வதில்லை.

அடுத்தது பின் சக்கரத்தைப் பற்றிய கேலி. "ஆள் ஏறினா காலை அகட்டும், ஜாக்கி போட்டா சம்மணம் போடும்" என்பார்கள். சிரிப்புக்காகச் சொன்னது போலத் தோன்றினாலும், இது பொறியியல் கல்லூரியில் ஒரு வகுப்பு நேரம் எடுத்து விளக்க வேண்டிய விஷயம். ஹெரால்டில் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், காரின் அடிச்சட்டமான சேசிஸோடு பிணைக்கப்பட்டிருக்கிறது; அதிலிருந்து இரண்டு அரை ஆக்சில்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஊசலாடுகின்றன; குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. பாரம் ஏறினால் சக்கரங்களின் அடிப்பக்கம் வெளியே விரியும், அதனால் டயரின் உள் விளிம்பு தேயும். பின்பாகம் மேலே எழும்பினால் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். வேகமாக ஒரு வளைவில் நுழைந்து, பாதி வழியில் பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்தால் நடப்பதும் இதேதான்: பின்பாகம் எழும்பும், சக்கரம் மடங்கும், வண்டியின் வால் வெளியே வீசும். "வளைவுல புத்தி வர்றவனுக்கு ஹெரால்டு ஆகாது" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பதுதான். இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த அமைப்பு பிடிக்காமற் போனதால், 1970களின் தொடக்கத்தில் வந்த கெசல் காரில் அதை நீக்கிவிட்டு வழக்கமான ஒரே ஆக்சிலைப் பொருத்தினார்கள். கெசல்காரர்கள் அன்றிலிருந்து நம்மைச் சற்றுக் கீழேதான் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றிலும் நீண்ட சண்டை கிரீஸா ஆயிலா என்பது. முன் சஸ்பென்ஷனின் அடியில் டிரன்னியன் என்ற பித்தளைப் பாகம் இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரை அதற்குள் இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் திருகாணி போலச் சுழலும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது தயாரித்தவர்கள் வகுத்த விதி. ஆனால் ஆயில் விடும் முனையான நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் போலவே இருக்கும். எனவே சர்வீஸுக்கு விட்ட இடத்தில் கிரீஸ் கன்னை வைத்திருக்கும் பையன் மற்றவற்றுக்கு அடிப்பது போல இதற்கும் அடித்துவிடுவான். கிரீஸ் மரை முழுவதும் ஏறாது, நாளாவட்டத்தில் இறுகும், அதற்குள் தண்ணீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும், பிறகு ஒரு நாள் மரை தொடங்கும் இடத்தில் தண்டு முறிந்து, சக்கரம் மடிந்து விழும். ஹெரால்டு 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் போடும் என்று பெருமை பேசுகிறோம் அல்லவா? பெரும்பாலும் அப்படி ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து, மெதுவாக வண்டியை நிறுத்தும்போதுதான் இந்தத் தண்டு முறியும். வேகத்தில் முறியாமல் விட்டதற்காக அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆயில் விட்டால் அது மெல்லக் கசியும், அதனால் அடிக்கடி விட வேண்டும். "கீழ சொட்டு இருந்தா மேல ஆயில் இருக்கு" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வது ஃபியட்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் டிரன்னியனைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மை. புதிதாக ஹெரால்டு வாங்கிய ஓர் இளைஞர் எந்தப் புத்தகத்தையும் படிக்காமல், நாம் அவரைக் கிண்டல் செய்ததை மட்டும் காதில் வாங்கிக்கொண்டால் போதும். அவருடைய முன் சக்கரம் பத்திரமாக இருக்கும்.

மழையைப் பற்றிய கேலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே மழை விட்ட பிறகும் ஹெரால்டுக்குள் கொஞ்ச நேரம் தூறும் என்பார்கள். பிரிட்டனில் கார்க் கூடுகளைச் செய்துகொடுத்து வந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், ஒரே கூடாகச் செய்ய வழியில்லாமல் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, சேசிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பீடிங் என்ற ஒரு ரப்பர் பட்டை. ஒவ்வொரு பீடிங்கிலும் ஒரு கசிவு. ஆனால் அதே காரணத்தால் அடிபட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். இரண்டு கதவு ஹெரால்டின் கூரையையே போல்ட் கழற்றி எடுத்துவிடலாம்.

ஏக்கத்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்றேன். இருந்தாலும் ஸ்டாண்டர்ட் 2000 பற்றிப் பேசாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். 1977இல் கெசல் நின்றபின் கம்பெனி வேன்களை மட்டும் செய்துவந்தது. 1985இல் ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான பிரிட்டிஷ் காரின் கூட்டை எடுத்து, அதற்குள் பழைய வான்கார்டின் வம்சத்தில் வந்த 1991 சி.சி. இன்ஜினை வைத்தார்கள். அங்கே அதே கூட்டில் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் ஓடியது. இங்கே விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம், இழுவையோ குறைவு. 1983 முதல் மாருதி 800 வந்துகொண்டிருந்த ஊரில் இதற்கு என்ன எதிர்காலம் இருந்திருக்கும்? 1988இல் எல்லாம் முடிந்தது. அரசின் கொள்கை, தொழிலாளர் பிரச்சினை, நிர்வாகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி நாம் விடிய விடியச் சண்டை போடுகிறோம். அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்ஜினை அந்தக் கூட்டுக்குள் வைக்கலாம் என்று முடிவெடுத்த நாளிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது என்பேன். விற்காமல் தேங்கிய எஸ்.டி.1 உதிரிப்பாகங்களை பிரிட்டனில் பழைய கார் பாகம் விற்கும் நிறுவனம் ஒன்று மொத்தமாக வாங்கிக்கொண்டது. அங்குள்ள ரோவர் அபிமானிகள் சிலரின் வண்டிகளில் பெருங்களத்தூர்ச் சரக்கு இன்றும் இருக்கக்கூடும்.

இப்போது உதிரிப்பாகத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஹெரால்டின் சேசிஸையும் சஸ்பென்ஷனையும் ஒட்டிப் பிறந்த ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற கார்களுக்கு பிரிட்டனில் இன்னும் ஆட்கள் இருப்பதால், டிரன்னியன் முதல் பீடிங் வரை புதிதாகவே செய்து விற்கிறார்கள். பணம் இருந்தால் வரவழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சென்னையில் பழைய உதிரிப்பாகம் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது, லேத் பட்டறை இருக்கிறது. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்ட கார். கெசலும் அப்படியே. அவற்றின் பின் கதவுக்கோ, கதவுக் கண்ணாடிக்கோ, கெசலின் முகப்பு கிரில்லுக்கோ உலகத்தில் எந்தக் கடையிலும் ஆர்டர் கொடுக்க முடியாது. அவற்றைத் தகட்டிலிருந்து அடித்து உருவாக்கத் தெரிந்த டிங்கர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் அளவைத் தாளில் எழுதுவதில்லை, கையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே, உங்களில் யாரிடமாவது அடிபடாத, வெட்டி ஒட்டாத பின் கதவு இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது காரையே கொண்டுவாருங்கள். அட்டையில் அச்சு எடுத்து, கண்ணாடியின் வளைவையும் தடிமனையும் குறித்துக்கொள்வோம். கெசல்காரர்கள் கிரில்லைக் கழற்றிக் கொண்டுவந்தால் அதையும் அளந்துவிடலாம். அளக்கும்போது அவர்கள் நம்மைப் பற்றி என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வோம், வணக்கம்.