கூடாரம் போட்டால் போர் நிற்குமா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. மதுரையிலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "காஸாவில் போர் நடந்தபோது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் புல்வெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்களே, அதனால் போர் நின்றுவிட்டதா சார்?" கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருக்கிறது. இருக்கட்டும், நல்ல கேள்விதான்.

அதனால் நிற்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்திடம் போய்ப் போரை நிறுத்து என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்டது பணக் கணக்கு.

நம்மூரில் கோயிலுக்குக் கட்டளை எழுதி வைப்பார்கள் இல்லையா? நிலம் இருக்கும், அதன் வருமானத்தில் பூஜை நடக்கும். பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் அப்படி ஒரு நிதி உண்டு. தலைமுறை தலைமுறையாக வந்த நன்கொடையைப் பங்குகளில் போட்டு, வரும் லாபத்தில் செலவுகளைப் பார்ப்பார்கள். எந்தெந்தக் கம்பெனியில் அந்தப் பணம் இருக்கிறது, அதில் இந்தப் போரோடு சம்பந்தப்பட்டவை எவை, அவற்றிலிருந்து வெளியே எடு. கோரிக்கை இவ்வளவுதான். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் 2024 ஏப்ரல் 17 விடியற்காலையில் கூடாரம் போட்டார்கள். மறுநாளே போலீஸ் வந்து நூறு பேருக்கு மேல் கைது செய்தது. அதை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

இந்த நிகழ்ச்சியில் முன்பு ஒத்துழையாமை பற்றிப் பேசிய பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். எந்த வாசலில் உட்காருகிறாய்? அதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கல்லூரி விடுதியில் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று ஒருமுறை ஸ்டிரைக் செய்தோம். காலையிலிருந்து மெஸ் வாசலில் உட்கார்ந்திருந்தோம். சமையல்காரர் எங்களைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார், பாவம், அவர் என்ன செய்வார்? மத்தியானம் ஒருத்தன் சொன்னான், "டேய், மெஸ் பில் போடும் ஆபீஸ் வாசலுக்குப் போவோம்." போனோம். அரை மணி நேரத்தில் வார்டன் வந்துவிட்டார். சாம்பார் திருந்தியதா என்று கேட்காதீர்கள்.

சரி, இப்போது அயர்லாந்துக்கு வாருங்கள். உண்மையில் நீங்கள் என்னிடம் அதன் தலைநகர் டப்ளினைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். அங்கே டிரினிட்டி கல்லூரியில் 'புக் ஆஃப் கெல்ஸ்' என்று ஒரு சுவடி இருக்கிறது. சுமார் 1,200 வருடப் பழமை, கன்றுத்தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல். டிக்கெட் வாங்கிக்கொண்டு உலகம் முழுவதிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள், கல்லூரிக்கு நல்ல வருமானம். அங்கே கூடாரம் போடுவதற்கு முன்பே நடந்த சில போராட்டங்களில் மாணவர்கள் அந்த வழியை மறித்திருந்தார்கள். அதனால் நஷ்டம் என்று நிர்வாகம் மாணவர் சங்கத்துக்கு ஒரு பில் அனுப்பியது. எவ்வளவு தெரியுமா? 2,14,285 யூரோ! அந்தக் கடைசி 285ஐ நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. யாரோ உட்கார்ந்து கால்குலேட்டரில் தட்டியிருக்கிறார்கள்.

எந்த வாசல் வலிக்கும் என்று நிர்வாகமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. 2024 மே 3, வெள்ளிக்கிழமை இரவு கூடாரங்கள் முளைத்தன. அந்தச் சுவடி இருந்த பழைய நூலகத்தின் நுழைவாயிலில் பெஞ்சுகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். கல்லூரி வெளியாட்களுக்கு மூடப்பட்டது, சுற்றுலாப் பயணிகள் சுவடியைப் பார்க்க முடியவில்லை. போலீஸ் புகுந்து இழுத்துப் போகவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது. மே 8ஆம் தேதி ஒப்பந்தம். ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதியில் தொழில் செய்வதாக ஐநா பட்டியலிட்டிருக்கும் இஸ்ரேலியக் கம்பெனிகளிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொள்கிறோம், மற்ற இஸ்ரேலியக் கம்பெனிகளிலிருந்தும் விலக முயல்கிறோம் என்றது கல்லூரி. மாணவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஐந்தே நாள்.

அந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1984 ஜூலையில் டப்ளினில் ஒரு கடையில் பில் போடும் பெண், மேரி மேனிங், வயது 21. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிரேப்ஃப்ரூட் பழத்துக்கு பில் போட மாட்டேன் என்றார். அங்கே நடந்த நிறவெறிக்கு எதிராக அவர்கள் தொழிற்சங்கம் எடுத்த முடிவு அது. கடைக்காரர்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கூட வேலை பார்த்தவர்களும் வெளியே வந்தார்கள், மொத்தமே பத்துச் சொச்சம் பேர். கிட்டத்தட்ட மூன்று வருடம் அந்தக் கடை வாசலில் நின்றார்கள். அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்: ஒரு பழத்துக்கு பில் போடாவிட்டால் நிறவெறி போய்விடுமா? 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்க விளைபொருள் இறக்குமதிக்கே தடை போட்டது. வேறு ஊரில் நடக்கும் அநியாயத்துக்கு அவர்கள் கைக்கு எட்டிய இடம் அந்தக் கல்லாப்பெட்டிதான்.

எல்லா இடத்திலும் இப்படி ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம் முதலீட்டை விலக்குவது பற்றி நிர்வாகக் குழுவில் ஓட்டெடுப்பு நடத்துகிறோம் என்று சொல்லி ஏப்ரல் 30 அன்று கூடாரங்களைப் பிரிக்க வைத்தது. சொன்னபடி அக்டோபரில் ஓட்டெடுப்பும் நடந்தது. மாணவர்களின் கோரிக்கை தோற்றது.

டிரினிட்டியில் கதை மே 8உடன் முடியவில்லை. ஒரு குழு போட்டு ஆராய்ந்தார்கள். 2025 ஜூனில் இஸ்ரேலைத் தலைமையிடமாகக் கொண்ட எல்லாக் கம்பெனிகளிலிருந்தும் விலகுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. அதற்குள் கூடாரம் போட்ட பிள்ளைகளில் சிலர் படிப்பை முடித்துவிட்டே போயிருப்பார்கள். சரி, அடுத்த கேள்வி சேலத்திலிருந்து.